102ஆம் எண் வாசலும் பதினைந்து புதிய வாசல்களும்

புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு பஸ் ஏறியவர்களுக்கு ஆல்பேட்டை சோதனைச் சாவடி தெரிந்திருக்கும். பஸ் நிற்கும், காவலர் ஏறுவார், சந்தேகமான பையைக் காட்டி “திறங்க” என்பார். இப்போது ஒரு விதியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்: காவலர் எந்தப் பையையும் திறக்கக் கூடாது, வெளியே ஒட்டிய சீட்டை மட்டும் படிக்கலாம். சீட்டில் “பாட்டில்” என்றிருக்கிறது. உள்ளே இருப்பது தண்ணீரா, சரக்கா? தெரியாது. பாட்டில் வைத்திருக்கும் எல்லோரையும் விட வேண்டும், இல்லையென்றால் குடிதண்ணீர் கொண்டுவந்தவரையும் சேர்த்து இறக்கிவிட வேண்டும்.

32 பிட் இன்டெல் லினக்ஸில் 2015 வரை நெட்வொர்க் அழைப்புகளைச் சோதித்த லட்சணம் இதுதான். அந்த ஆண்டு வெளிவந்த 4.3 கெர்னலில் (கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையம்) சாக்கெட்டுக்கான, அதாவது நெட்வொர்க் இணைப்பின் முனைக்கான, நேரடி சிஸ்டம் கால்கள் (நிரல் கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்புகள்) சேர்ந்த பிறகுதான் வழி பிறந்தது. சேர்த்த மாற்றம் மிகச் சிறியது, அட்டவணையில் பதினைந்து வரிகள். அதைச் சுற்றியுள்ள சிக்கல்கள் சிறியவை அல்ல.

முதலில் பழைய முறை. 32 பிட் நிரல் ஒன்று கெர்னலைக் கூப்பிட வேண்டுமானால் ஈஏஎக்ஸ் என்ற ரெஜிஸ்டரில் (செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) அழைப்பு எண்ணை வைக்கும். வாதங்கள், அதாவது அழைப்போடு கொடுக்கும் மதிப்புகள், வரிசையாக ஈபிஎக்ஸ், ஈசிஎக்ஸ், ஈடிஎக்ஸ், ஈஎஸ்ஐ, ஈடிஐ, ஈபிபி என்ற ஆறு ரெஜிஸ்டர்களில் போகும். பிறகு கெர்னலை எழுப்பும் ஹெக்ஸ் 80 என்ற இன்டரப்ட். திறப்பது, படிப்பது, எழுதுவது எல்லாவற்றுக்கும் தனித்தனி எண் உண்டு. சாக்கெட் குடும்பத்துக்கு மட்டும் ஒரே எண்: 102, பெயர் சாக்கெட்கால். அதன் முதல் வாதம் உள் எண். 1 என்றால் சாக்கெட் உருவாக்கு, 2 பைண்ட், 3 கனெக்ட், 4 லிசன், 5 அக்செப்ட் என்று 20 வரை போகும்; 20 என்பது சென்ட்எம்எம்எஸ்ஜி. இரண்டாவது வாதம் ஒரு பாயிண்டர். உண்மையான வாதங்கள் நிரலின் நினைவகத்தில் ஓர் அடுக்காகக் கிடக்கும். பாயிண்டர் அந்த இடத்தைக் காட்டும்.

இப்படி ஏன் வைத்தார்கள் என்று இன்று கேட்டால் சிரிப்பு வரலாம். ஆனால் அன்றைய ஐ386 லினக்ஸ் ரெஜிஸ்டர்கள் வழியே ஐந்து வாதங்களைத்தான் வாங்கும். தரவை அனுப்பும் சென்ட்டூவுக்கும் வாங்கும் ரெக்வ்ஃப்ரமுக்கும் ஆறு வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கதவில் போட்டு, உள்ளே உள் எண்ணைப் பார்த்துப் பிரித்தனுப்பும் ஒரு ஸ்விட்ச் வைத்தால் வேலை முடிந்தது. ஒரு கதவு, ஒரு எண், ஒரு கோப்பு. 64 பிட் எக்ஸ்86 வந்தபோது இந்தச் சுமையைத் தூக்கவில்லை. அங்கே சாக்கெட்டுக்கு 41, கனெக்டுக்கு 42, பைண்டுக்கு 49 என்று முதலிலிருந்தே தனித்தனி எண்கள். ஆர்ம் கட்டமைப்பின் ஈஏபிஐ என்ற அழைப்பு முறையிலும் சாக்கெட்கால் கிடையாது.

கெர்னல் மூலத்தில் நெட் கோப்புறைக்குள் இருக்கும் சாக்கெட் சி கோப்பைத் திறந்தால் இந்த ஸ்விட்ச் இன்றும் இருக்கிறது. உள் எண் 1க்கும் 20க்கும் வெளியே போனால் ஈஇன்வால், அதாவது 22ஆம் பிழை. பிறகு ஒரு சிறு அட்டவணையைப் பார்த்து அந்த அழைப்புக்கு எத்தனை வாதம் என்று கணக்கிட்டு, அத்தனை பைட்டை நிரலின் நினைவகத்திலிருந்து நகல் எடுக்கிறது: சாக்கெட்டுக்கு மூன்று வாதம், 32 பிட்டில் 12 பைட், சென்ட்டூவுக்கு ஆறு வாதம், 24 பைட். பாயிண்டர் கோணலாக இருந்தால் ஈஃபால்ட், 14. 2018இல் ஸ்பெக்டர் என்ற செயலி ஓட்டைப் பிரச்சினை வெடித்தபோது அந்த உள் எண்ணை எல்லைக்குள் கட்டிப்போட ஒரு வரி கூடியது. அவ்வளவுதான் நடை. ஆகவே நேரடி அழைப்பால் மிச்சமாகும் நேரம் என்பது அதிகபட்சம் இந்த 24 பைட் நகலும் ஒரு ஸ்விட்ச்சும்தான். வேகத்துக்காக இதைச் செய்தார்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

காரணம் செக்காம்ப், அதாவது ஒரு நிரல் எந்தச் சிஸ்டம் கால்களைக் கூப்பிடலாம் என்று கட்டுப்படுத்தும் கெர்னல் வசதி. 2012இல் வந்த 3.5 கெர்னலில் செக்காம்ப் ஃபில்டர் முறை சேர்ந்தது. ஒவ்வொரு சிஸ்டம் காலுக்கும் முன்னால் பிபிஎஃப் என்ற வடிவில் எழுதிய ஒரு சின்ன நிரல் ஓடும். அதன் கையில் 64 பைட் கொண்ட ஒரு பதிவைக் கொடுப்பார்கள். பைட் 0இல் அழைப்பு எண், 4இல் கட்டமைப்பு அடையாளம், 8இல் நிரல் நிற்கும் முகவரி, 16 முதல் ஆறு வாதங்கள் எட்டெட்டு பைட்டாக. இதற்கு மேல் ஒன்றும் பார்க்கக் கூடாது. பாயிண்டர் வந்தால் அந்த எண்ணைப் பார்க்கலாம், அது காட்டும் இடத்துக்குப் போக முடியாது. இது ஃபில்டரை எழுதியவர்களின் சோம்பல் இல்லை. ஃபில்டர் நினைவகத்தைப் படித்து “சரி, போ” என்று சொன்ன மறு நொடியில், அதே நிரலில் கூடவே ஓடும் இன்னொரு இழை அந்த இடத்தில் வேறு எண்ணை எழுதிவிடலாம். கெர்னல் நகல் எடுப்பது அதற்குப் பிறகு. காவலர் தண்ணீர் பாட்டிலைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் பையில் வேறு பாட்டில் வந்துவிடும் கதை. அதனால்தான் பையைத் திறக்காதே என்று விதியே போட்டிருக்கிறார்கள்.

விளைவு: 102ஆம் எண்ணில், முதல் வாதம் 1 என்றால் யாரோ சாக்கெட் உருவாக்குகிறார் என்பது தெரியும். அது எந்த முகவரிக் குடும்பம், கணினிக்குள்ளேயே பேசும் ஏஎஃப்_யூனிக்ஸா (1), இணையத்துக்கான ஏஎஃப்_ஐநெட்டா (2), ஐபிவி6ஆ (10), நெட்லிங்க்கா (16), பாக்கெட்டா (17) என்று தெரியாது. ஒரு சேவையை உள்ளூர் யூனிக்ஸ் சாக்கெட்டுக்கு மட்டும் கட்டுப்படுத்த நினைத்தால் 32 பிட்டில் கைவிரிக்க வேண்டியதுதான். சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியில் முகவரிக் குடும்பங்களைக் கட்டுப்படுத்தும் அமைப்பு ஒன்று உண்டு. 32 பிட் எக்ஸ்86இல் அதற்குப் பலன் இல்லை என்று அதன் கையேடே சொல்கிறது. அமைப்புக் கோப்பில் எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கியவர்கள் அந்த வரியைப் படித்திருக்க மாட்டார்கள்.

4.3இல் சேர்ந்த எண்களை இங்கே குறித்து வைக்கிறேன், தேடும்போது உதவும். 359 சாக்கெட், 360 சாக்கெட்பேர், 361 பைண்ட், 362 கனெக்ட், 363 லிசன், 364 அக்செப்ட்4, 365 கெட்சாக்ஆப்ட், 366 செட்சாக்ஆப்ட், 367 கெட்சாக்நேம், 368 கெட்பியர்நேம், 369 சென்ட்டூ, 370 சென்ட்எம்எஸ்ஜி, 371 ரெக்வ்ஃப்ரம், 372 ரெக்வ்எம்எஸ்ஜி, 373 ஷட்டவுன். ரெக்வ்எம்எம்எஸ்ஜி (337), சென்ட்எம்எம்எஸ்ஜி (345) இரண்டுக்கும் ஏற்கெனவே தனி எண் இருந்தது.

சென்ட், ரெக்வ், அக்செப்ட் மூன்றையும் காணோமே என்று தோன்றும். வேண்டுமென்றே விட்டார்கள். சென்ட் என்பது முகவரி இல்லாத சென்ட்டூ. ரெக்வ் அப்படியே ரெக்வ்ஃப்ரம். அக்செப்ட் என்பது கொடி 0 போட்ட அக்செப்ட்4. நிரலுக்கும் கெர்னலுக்கும் நடுவில் நிற்கும் சி லைப்ரரி அதை மாற்றிக் கொடுத்துவிடும். கெர்னலில் ஓர் எண்ணைக் கொடுத்தால் கொடுத்ததுதான், திரும்பப் பெற முடியாது. நம்மூர் வீட்டு வாசலில் “பழைய எண், புதிய எண்” என்று இரண்டும் பல வருடம் தொங்குவதைப் போல, 102 இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது.

கடலூர் முதுநகரிலோ காலாப்பட்டிலோ ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இதைச் செய்து பார்க்க விரும்பினால் 4.2 கெர்னலை எடுத்து நீங்களே சேர்க்கலாம், அல்லது புதிய கெர்னலில் சொந்தமாக ஓர் அழைப்பைச் சேர்க்கலாம். வேலை நடப்பது ஐந்து இடங்களில். முதல் இடம், எக்ஸ்86 கட்டமைப்பின் என்ட்ரி கோப்புறையில் உள்ள 32 பிட் சிஸ்கால் அட்டவணை. ஒரு வரியில் ஐந்து பத்திகள்: எண், ஏபிஐ (எந்த அழைப்பு முறைக்கு), பெயர், கெர்னல் செயற்கூறு, அதற்குப் பின் தேவைப்பட்டால் கம்பாட் செயற்கூறு (64 பிட் கெர்னலில் ஓடும் 32 பிட் நிரலுக்கான மாற்று வடிவம்). இரண்டாவது, செயற்கூறு. அதை வெறும் சி செயற்கூறாக எழுதக் கூடாது. சிஸ்கால்_டிஃபைன் என்று தொடங்கி வாத எண்ணிக்கையில் முடியும் மேக்ரோவில் எழுத வேண்டும். 64 பிட் கட்டமைப்புகள் சிலவற்றில் 32 பிட் வாதத்தின் மேல்பாதியில் குப்பை வந்து பாதுகாப்பு ஓட்டை உண்டானதால் 2009இல் அந்த மேக்ரோ வழக்கம் வந்தது. மூன்றாவது, சிஸ்கால்ஸ் ஹெடரில் அறிவிப்பு. நான்காவது, சிஸ்_என்ஐ கோப்பில் ஒரு நிபந்தனை வரி. நெட்வொர்க் வசதியை அணைத்துக் கட்டும் கெர்னலில் அந்தச் செயற்கூறு இருக்காது, இந்த வரி இல்லையென்றால் கடைசியில் லிங்க் செய்யும்போது முட்டும். ஐந்தாவது, பயனர் பக்க ஹெடர். எக்ஸ்86இல் அது அட்டவணையிலிருந்து தானாகவே உருவாகும், கையால் தொட வேண்டாம்.

2015 மாற்றம் இவ்வளவு சின்னதாக முடிந்ததற்குக் காரணம், இரண்டு முதல் ஐந்துவரை எல்லாம் ஏற்கெனவே தயாராக இருந்தன. 64 பிட்டுக்காக எழுதிய அதே செயற்கூறுகள்தான். அட்டவணையில் வரி சேர்த்தால் போதும்.

அட்டவணையின் ஐந்தாம் பத்தியான கம்பாட்தான் ஆளை விழுங்கும் இடம். 64 பிட் கெர்னலில் 32 பிட் நிரல் ஓடும்போது இதே அட்டவணைதான் பயன்படும், ஆனால் பொருள்களின் அளவு வேறு. சாக்கெட், பைண்ட், கனெக்ட், லிசன் மாதிரி எண்ணும் சாதாரண முகவரிப் பாயிண்டரும் வாங்கும் அழைப்புகளுக்குத் தனிக் கம்பாட் வேண்டாம், முகவரி அமைப்பு இரண்டிலும் ஒன்றே. சென்ட்எம்எஸ்ஜி அப்படியில்லை. அதற்குப் போகும் எம்எஸ்ஜிஹெடர் 32 பிட்டில் 28 பைட், 64 பிட்டில் 56 பைட். அது காட்டும் ஐஓவெக் (தரவின் இடமும் நீளமும்) ஒன்று 8 பைட்டுக்குப் பதில் 16. கம்பாட் பத்தியைக் காலியாக விட்டால் கெர்னல் 28 பைட் பொருளை 56 பைட்டாகப் படிக்கும். நீளம் என்று நினைத்து அடுத்த பாயிண்டரை எடுக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் ஈஃபால்ட் வரும். இல்லையென்றால் குப்பை போகும். ரெக்வ்எம்எஸ்ஜிக்கும் இதே கதி. ரெக்வ்ஃப்ரமுக்குப் பொருள் அளவு மாறாது, ஆனாலும் கம்பாட் உண்டு. கூட வரும் கட்டுப்பாட்டுச் செய்தியை 32 பிட் வடிவில் கொடு என்று சொல்லும் உள் கொடி ஒன்றை அது போடுகிறது. இதில் இன்னொரு வேடிக்கை: தூய 32 பிட் கெர்னலில் சோதித்தால் எல்லாம் ஒழுங்காக ஓடும். பிழை 64 பிட் கெர்னலில் மட்டும் தலைகாட்டும். ஆகவே 32 பிட் நிரல்களை ஓட்டவைக்கும் ஐஏ32 எமுலேஷன் அமைப்பு இயக்கிய 64 பிட் கெர்னல் ஒன்றையும் கட்டிச் சோதிக்காமல் வேலை முடிந்தது என்று சொல்லக் கூடாது.

கட்டுவது கஷ்டமில்லை. 64 பிட் கணினியிலேயே மேக் கட்டளையில் கட்டமைப்பு ஐ386 என்று கொடுத்து, அதற்கான டிஃப்கான்ஃபிக்கை (இயல்பான அமைப்புக் கோப்பு) எடுத்து, பிசட்இமேஜ் என்ற பூட் கோப்பைக் கட்டலாம். கெர்னலுக்கு 32 பிட் சி லைப்ரரி தேவையில்லை. சோதனை நிரலுக்குத் தேவை, அதற்கு ஜிசிசி கம்பைலரின் மல்டிலிப் பொதியை நிறுவுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கடலூர்ப் பக்கம் கரண்ட் போகும். பாதியில் நின்றால் மறுபடி மேக் அடித்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். அறுபட்ட கோப்பு ஒன்று பாதி எழுதிக் கிடந்து லிங்கர் புலம்பினால், அந்த ஆப்ஜெக்ட் கோப்பை மட்டும் அழித்தால் போதும், முழுதாகத் துடைக்க வேண்டாம்.

ஓட்டிப் பார்க்க க்யூஇஎம்யூ என்ற மெய்நிகர் கணினி. 256 எம்பி நினைவகம் தாராளம். சோதனை நிரலை ஸ்டேட்டிக்காக (லைப்ரரியையும் உள்ளே சேர்த்து) கம்பைல் செய்து இனிட் (கெர்னல் முதலில் ஓட்டும் நிரல்) என்று பெயர் வைத்து, சிபிஐஓ தொகுப்பாக நியூசி வடிவத்தில் கட்டிக் கொடுங்கள்; சிபிஐஓ இயல்பாகத் தரும் பழைய வடிவத்தைக் கெர்னல் பிரிக்காது. நிரல் முடிந்து வெளியேறினால் இனிட் செத்துவிட்டது என்று கெர்னல் பானிக் ஆகும். அது உங்கள் அழைப்பின் பிழை இல்லை, கடைசியில் ஒரு தூங்கும் சுற்றைப் போட்டுவிடுங்கள். சிஸ்கால் செயற்கூறு வழியே 359ஐ 1, 1, 0 என்று கூப்பிட்டால் ஃபைல் எண் கிடைக்க வேண்டும். குடும்பம் 99 என்று கொடுத்தால் 97ஆம் பிழை. 38 வந்தால் அந்த எண் இந்தக் கெர்னலில் இல்லை என்று பொருள். பெரும்பாலும் பழைய கெர்னலே பூட் ஆகியிருக்கும், யூநேம் கட்டளையில் கெர்னல் பதிப்பைப் பார்த்துவிட்டுப் பிறகு தலையைச் சொறியுங்கள்.

சிஸ்கால் செயற்கூறு வேண்டாம், அசெம்ப்ளியில் நானே எழுதுகிறேன் என்பவர்கள் சென்ட்டூவில் மாட்டுவார்கள். ஆறாவது வாதம் ஈபிபியில் போக வேண்டும். ஜிசிசி அதே ஈபிபியை ஃப்ரேம் பாயிண்டராக வைத்திருக்கும். ஸ்டாக்கில் தள்ளிவைத்து, அழைத்துவிட்டு, மீட்டெடுக்க வேண்டும். சிஸ்என்டர் என்ற வேகமான நுழைவுப் பாதையில் கதை இன்னும் சுற்று: அங்கே ஈபிபியில் பயனர் ஸ்டாக்கின் முகவரி இருக்கும், ஆறாவது வாதத்தைக் கெர்னல் அந்த ஸ்டாக்கிலிருந்து எடுக்கும். கெர்னலே நிரலுக்குள் வைக்கும் விடிஎஸ்ஓ பகுதியில் உள்ள சிறு வழியைப் பயன்படுத்தினால் இதெல்லாம் உங்கள் தலைவலி இல்லை.

புதிய எண் கெர்னலில் இருக்கிறது என்பதால் நிரல்கள் அதைப் பயன்படுத்துகின்றன என்று ஆகிவிடாது. முடிவு சி லைப்ரரியின் கையில். 4.3க்கு முந்தைய கெர்னல்களிலும் ஓட வேண்டும் என்று கட்டப்பட்ட ஜிலிப்சி என்ற சி லைப்ரரி, 32 பிட்டில் 102ஐயே கூப்பிடும். சிஸ்டம் கால்களைக் காட்டும் எஸ்ட்ரேஸ் கருவியைப் போட்டுப் பார்த்து ஏமாற வேண்டாம். அது சாக்கெட்காலின் பையைத் தானே பிரித்து, சாக்கெட் என்றே அழகாகக் காட்டும், இரண்டு வாசலும் ஒன்றுபோலத் தெரியும். லைப்ரரியை ஆப்ஜ்டம்ப் கருவியால் பிரித்து சாக்கெட் செயற்கூறைப் பாருங்கள். ஈஏஎக்ஸில் ஹெக்ஸ் 66 ஏறினால் அது 102, பழைய வாசல். ஹெக்ஸ் 167 ஏறினால் 359.

இனி ஃபில்டர். முதலில் பைட் 4இல் உள்ள கட்டமைப்பைப் பார்க்க வேண்டும். ஐ386க்கு அது ஹெக்ஸ் 40000003. இந்த வரியை மறப்பவர்கள் அதிகம், தண்டனையும் அதிகம். 64 பிட் நிரலும் ஹெக்ஸ் 80 இன்டரப்டைக் கூப்பிட முடியும், அப்போது 32 பிட் அட்டவணைதான் வேலை செய்யும். 64 பிட்டில் 102 என்பது கெட்யூஐடி, யாருக்கும் தீங்கில்லாத அழைப்பு, எல்லா அனுமதிப் பட்டியலிலும் இருக்கும். கட்டமைப்பைப் பார்க்காத ஃபில்டர் அந்த எண்ணை விட்டுவிட்டால் சாக்கெட்கால் முழுதும் உள்ளே வந்துவிடும். அதற்குப் பிறகு பைட் 0இல் 359 என்றால் பைட் 16ஐ எடுத்து, 1 என்றால் விடு, இல்லையென்றால் 97ஆம் பிழையைத் திருப்பு. 64 பிட்டுக்கு எழுதும்போது வாதத்தின் கீழ் 32 பிட்டை மட்டும் ஒப்பிடுங்கள். கெர்னல் அதை 32 பிட் இன்ட்டாகத்தான் எடுக்கிறது. மேல்பாதியில் எதையாவது போட்டு அனுப்பினால் “2 என்றால் தடு” என்ற முழு ஒப்பீடு ஏமாந்துவிடும். ரூட் உரிமை இல்லாத நிரல், ஃபில்டரை ஏற்றும் முன் புதிய உரிமை பெறமாட்டேன் என்ற கொடியைப் போட வேண்டும், இல்லாவிட்டால் 13ஆம் பிழை.

இதெல்லாம் செய்தும் 102ஐத் திறந்துவைத்தால் பயன் பூஜ்யம். மாறாக, 4.3க்கு முன் “102ஐத் தடு, மற்றதை விடு” என்று எழுதிவைத்த பழைய தடைப் பட்டியலின் மேல் கெர்னலை மட்டும் புதுப்பித்தால் 359 முதல் பதினைந்து வாசல்கள் காவலரே இல்லாமல் திறந்துவிடும். தடைப் பட்டியல் எழுதாதே, அனுமதிப் பட்டியல் எழுது என்று நச்சரிப்பது இதற்காகத்தான். அனுமதிப் பட்டியலுக்கும் ஒரு சோதனை உண்டு: 102 மட்டும் அனுமதித்தது என்றால், லைப்ரரி நேரடி வழிக்கு மாறிய அன்று நெட்வொர்க் செத்துவிடும். நேரடி வழி கிடைக்காவிட்டால் பழையதற்குத் திரும்பும்படி எழுதிய லைப்ரரியும் 38ஆம் பிழையைக் கண்டால்தான் திரும்பும். ஃபில்டர் 1ஆம் பிழையைக் கொடுத்தால் அதையே நிரலிடம் நீட்டிவிடும். கூடவே, வேலைகளை வரிசையில் போட்டுக் கெர்னலிடம் கொடுக்கும் ஐஓ_யூரிங் (425) என்ற பக்கவாசலையும் பூட்ட வேண்டும். 5.19 கெர்னலிலிருந்து அதன் வழியாகவே சாக்கெட் உருவாக்கலாம், அந்த வேலையைச் செக்காம்ப் பார்க்காது.

அழைப்புகளைப் பதிவு செய்யும் ஆடிட் வசதிக்கு விதி எழுதியவர்களும் இரண்டு விதி வைத்துக்கொள்ள வேண்டும். பழைய வழியில் 102 என்ற பதிவோடு சாக்கெட்கால் என்ற தனிப் பதிவில் வாதங்கள் வரும். புதிய வழியில் அந்தத் தனிப் பதிவு வராது, 359இன் முதல் வாதத்திலேயே குடும்பம் இருக்கும். பழைய பதிவை மட்டும் தேடும் ஸ்கிரிப்ட் “இன்று யாரும் நெட்வொர்க் பக்கம் போகவில்லை” என்று அறிக்கை கொடுக்கும்.

மூலம் கையில் இல்லாத பழைய 32 பிட் ஸ்டேட்டிக் நிரல் ஒன்றை இன்றும் ஓட்ட வேண்டிய அலுவலகங்கள் உண்டு. அதற்குள் 102 பதிந்து கிடக்கிறது, நம்மால் மாற்ற முடியாது. அங்கே செக்காம்பை வைத்து மல்லுக்கட்டாமல், அந்த நிரலைத் தனி நெட்வொர்க் நேம்ஸ்பேஸில், அதாவது மற்றவற்றிலிருந்து பிரிந்த நெட்வொர்க் சூழலில், போட்டு ஓட்டுங்கள். அன்ஷேர் கட்டளைக்கு அதற்கான கொடி இருக்கிறது. உள்ளே கணினி தன்னோடு தானே பேசும் லூப்பேக் மட்டும்தான் இருக்கும், அதுவும் அணைந்த நிலையில். கோப்புப் பாதை வழியான யூனிக்ஸ் சாக்கெட் வழக்கம்போல ஓடும். ஏஎஃப்_ஐநெட் சாக்கெட் உருவாகும், ஆனால் கனெக்ட் செய்தால் நெட்வொர்க்கை எட்ட முடியவில்லை என்ற 101ஆம் பிழைதான் கிடைக்கும்.